வாய்க்கால் ஏறாத உயரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம்

அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரத்தில் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே திறந்த வாய்க்கால் ஓடும். பெரும்பாலும் மூடி கிடையாது. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பராக்குப் பார்த்துக்கொண்டு நடந்தால் கால் உள்ளே போய்விடும். இருபுறமும் ஓங்கி வளர்ந்த மரங்கள் தெரு முழுக்க நிழல் போடும். இது பாலைவனத்து ஊர் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் அந்த மரங்களில் ஒன்றுகூடத் தானாக முளைத்ததில்லை. வாய்க்காலை ஒரு கோடைக்கு அடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மெண்டோசாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழைதான். காரணம் மேற்கே நிற்கிற ஆண்டிஸ் மலைத்தொடர். பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையேறும்போதே சிலி பக்கம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கோன்காகுவா சிகரம் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குவது வறண்ட காற்று மட்டும். ஆனால் தடுத்த மலையே வேறு வழியில் கடனைத் திருப்பித் தருகிறது. குளிர்காலத்தில் உச்சியில் விழும் பனி, கோடையில் உருகி ஆறாக வருகிறது. அந்த ஆற்றை வாய்க்கால் வெட்டிப் பிரித்த இடங்கள் மட்டும் பச்சை. மாகாணப் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாத இந்தப் பச்சைத் திட்டுகளிலிருந்துதான் அர்ஜென்டினா ஒயினில் முக்கால்வாசி வருகிறது.

இந்த மண்ணில் 120 ஆண்டுக்கும் மேலாக ஒயின் செய்துவரும் குடும்பம் கதேனா. அவர்களுடைய கதேனா சபாத்தா நிறுவனத்தைப் பற்றி எங்கே படித்தாலும் "பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும் இடம்" என்கிற மாதிரி ஒரு வரி தவறாமல் வந்துவிடும். விளம்பரத் தாளுக்கு அது போதும். ஆனால் எது பாரம்பரியம், எது நவீனம், இரண்டும் எங்கே ஒத்துப்போயின, எங்கே உரசின என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. உரசல் எல்லாம் தண்ணீரில் போய் முடிகிறது.

முதலில் வாய்க்கால். ஸ்பானியர்கள் 1561-ல் மெண்டோசா நகரத்தை நிறுவினார்கள். அவர்கள் வந்தபோதே அங்கே பாசனம் இருந்தது. வார்பே என்ற பூர்வகுடி மக்கள் ஆற்று நீரைத் திருப்பிப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கும் நகரத்தின் பெரிய கால்வாய் ஒன்றுக்கு வார்பே தலைவர் குவாய்மாயேனின் பெயர்தான். ஸ்பானியர்கள் அதை விரிவாக்கினார்கள், 'அசேக்கியா' என்று அவர்கள் மொழியில் பெயர் வைத்தார்கள், கரையில் திராட்சைக் கொடி நட்டார்கள். 1884-ல் மாகாணம் ஒரு தண்ணீர்ச் சட்டம் போட்டது. அதன் உயிர்நாடி ஒன்றே ஒன்றுதான்: பாசன உரிமை ஆளோடு போகாது, நிலத்தோடு போகும். நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் தனியாக விற்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் சிலியில் 1981-லிருந்து தண்ணீர் உரிமையைத் தனிச் சொத்தாக வாங்கலாம், விற்கலாம். ஒரே மலைத்தொடரின் பனியை நம்பும் இரண்டு பக்கத்திலும் நேர் எதிரான இரண்டு ஏற்பாடுகள்!

தோட்டத்துக்குத் தண்ணீர் முறை வைத்து வரும். முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் விழித்திருக்க வேண்டும். மதகைத் திறந்து மூடி ஒவ்வொரு நிலத்துக்கும் அளந்து விடுகிறவருக்கு அங்கே 'தொமேரோ' என்று பெயர். நம் பக்கம் நீர்க்கட்டி, மடைக்காரர் என்போமே, அதே வேலை. அதே மரியாதை, அதே திட்டு. ஒரு வாய்க்காலில் பங்குள்ளவர்கள் கூடித் தங்களுக்குள் ஒரு கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். மேலே மாகாணப் பாசனத் துறை. அரசாங்கங்கள் மாறினாலும் அதிகம் அசையாதபடி அரசியலமைப்பிலேயே அதற்குத் தனி இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மெண்டோசாவின் உண்மையான பாரம்பரியம் என்று கேட்டால் நான் பீப்பாயைக் காட்ட மாட்டேன், இந்த முறைத்தண்ணீரைத்தான் காட்டுவேன்.

இந்த ஏற்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவர் நிக்கோலா கதேனா. இத்தாலியின் மார்க்கே பகுதியிலிருந்து 1898-ல் கப்பலேறியவர். 1902-ல் மெண்டோசாவில் முதல் தோட்டத்தை நட்டார். நல்ல நேரத்தில்தான் வந்தார். 1885-ல் ரயில் வந்துவிட்டிருந்தது. அதற்கு முன் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புவனோஸ் ஐரெஸுக்கு ஒயினை மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதையிலும்தான் அனுப்ப வேண்டும். ரயில் வந்த கையோடு இத்தாலியர்களும் ஸ்பானியர்களும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். வரும்போதே ஒயின் குடிக்கும் பழக்கத்தையும் ஒயின் செய்யும் கைப்பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். சந்தையும் அவர்களே, தயாரிப்பாளரும் அவர்களே.

நிக்கோலா நட்டது மால்பெக் என்ற திராட்சை ரகம். இது பிரான்சின் தென்மேற்கில் கஹோர் பகுதியைச் சேர்ந்தது. மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் 1853-ல் மெண்டோசாவில் ஒரு வேளாண் பண்ணை தொடங்கியபோது கொண்டுவந்த கொடிகளில் இதுவும் ஒன்று. அந்தப் பண்ணைக்கான திட்டம் சட்டசபைக்குப் போன ஏப்ரல் 17-ஐத்தான் இப்போது உலக மால்பெக் நாள் என்று கொண்டாடுகிறார்கள். பிரான்சில் பிலோக்செரா என்ற வேர்ப்பூச்சியும் பிறகு 1956-ன் கடும் உறைபனியும் மால்பெக்கைப் பெரும்பாலான இடங்களில் துடைத்து எடுத்தன. மெண்டோசாவில் அது தன் சொந்த வேரிலேயே நின்றது. இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன், முக்கியமானது.

நிக்கோலாவின் மகன் தொமிங்கோ காலத்தில் குடும்பம் பெரிதாக வளர்ந்தது. ஆனால் அந்தக் காலத்து அர்ஜென்டினா ஒயின் என்பது தினச் சாப்பாட்டுக்கு ஊற்றிக்கொள்ளும் சரக்கு. 1970 வாக்கில் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லிட்டர் குடித்தார்கள். இன்று அது 20 லிட்டருக்கும் கீழே. குடிக்கிறவன் அளவைக் கேட்டால் விவசாயியும் அளவைத்தான் விளைவிப்பான். உயரமான பந்தல் போட்டு, வாய்க்காலைத் திறந்துவிட்டு, கொடி தாங்குகிற வரைக்கும் குலை.

தொமிங்கோவைப் பற்றிக் குடும்பத்தார் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 1960-களில் பணவீக்கம் தலைவிரித்தாடிய ஒரு வருடம், பழத்தைப் பறிக்க ஆகும் கூலி பழத்தின் விலையைவிட அதிகமாகிவிட்டது. பொருளாதாரம் படித்த மகன் நிக்கோலாஸிடம் தொமிங்கோ யோசனை கேட்டார். பறிக்காதீர்கள், கொடியிலேயே விட்டுவிடுங்கள் என்றார் மகன். கணக்குப்படி அதுதான் சரி. தொமிங்கோவால் முடியவில்லை, நஷ்டம் என்று தெரிந்தே பறித்தார். விளைந்ததை வயலில் விட்டுவிட்டு வர எந்த விவசாயிக்குத்தான் மனம் வரும்? இந்த நிறுவனத்தைப் பற்றி நான் படித்ததில் எனக்கு மறக்காமல் நிற்பது இந்த இடம்தான். ஏனென்றால் அடுத்து வரும் தலைகீழ் மாற்றத்தைச் செய்தவர் பறிக்காதீர்கள் என்று சொன்ன அதே மகன்.

1980-களின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் கதேனா கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராகப் போனார். வாரக் கடைசியில் பக்கத்திலிருந்த நாப்பா பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்தார். 1976-ல் பாரிஸில் நடந்த சுவைப் போட்டியில், பெயரை மறைத்து வைத்துக் குடித்துப் பார்த்த பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். அந்தச் சூடு அப்போதும் அங்கே ஆறவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள புது உலகத்தாலும் முடியும் என்றால் நம்மால் ஏன் முடியாது? ஊர் திரும்பியதும் தினச் சாப்பாட்டுக்கான மேசை ஒயின் வணிகத்தை விற்றுவிட்டு, உயர்தர ஒயின் செய்யும் கிளையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் பைத்தியக்காரத்தனம் என்று பேசியிருந்தால் அதில் வியப்பு இல்லை.

நவீன முறை என்றால் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, புது ஓக் பீப்பாய். இதெல்லாம் காசு இருந்தால் வாங்கிவிடலாம். உலகம் முழுக்க எல்லாரும் வாங்கினார்கள். நிக்கோலாஸ் செய்ததில் உண்மையிலேயே துணிச்சலானது இடத்தை மாற்றியது. அதற்கும் ஒரு கதை உண்டு. பிரான்சின் போர்தோ பகுதி ஒயின் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் லூர்த்தோன், நிக்கோலாஸ் கபெர்னே என்ற திராட்சை ரகத்தில் செய்த ஒயினைக் குடித்துப் பார்த்து, லாங்தோக் ஒயின் நினைவுக்கு வருகிறது என்றாராம். லாங்தோக் பிரான்சின் வெயில் பகுதி. அக்காலத்தில் மலிவு ஒயினுக்குப் பேர்போனது. பாராட்டு மாதிரி இருந்தாலும் நிக்கோலாஸுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தன் தோட்டங்கள் அதிக வெப்பமான இடத்தில் இருக்கின்றன என்பதுதான் அவர் காதில் விழுந்தது. குளிர்ச்சி வேண்டும். பாலைவனத்தில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? மலைமேல்தான்.

1992-ல் மெண்டோசா மாகாணத்தின் ஊக்கோ பள்ளத்தாக்கில் குவால்தயாரி என்ற இடத்தில், கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரத்தில், கடைசி மகள் அட்ரியானாவின் பெயரில் ஒரு தோட்டம் போட்டார். அங்கே பழம் பழுக்காது, உறைபனி கொன்றுவிடும் என்று அவருடைய தோட்ட நிபுணரே தடுத்துப் பார்த்தார். குடும்பத்தின் பழைய தோட்டம் லுன்லுந்தாவில் ஏறத்தாழ 920 மீட்டரில் இருக்கிறது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. 500 மீட்டருக்கு மூன்று டிகிரி. கேட்கச் சின்ன எண்தான். திராட்சைக்கு அது வேறு நாட்டுக்குப் போன மாதிரி.

என்ன நடக்கிறது என்றால், பகலில் வெயில் சர்க்கரையை ஏற்றுகிறது. இரவில் வெப்பம் சடாரென்று இறங்குகிறது. சூடான இரவில் பழம் தன்னிடமுள்ள மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்த்துவிடும். குளிரான இரவில் அது தங்குகிறது. அதனால் பழம் நன்றாகப் பழுத்தும் புளிப்பு போகாமல் இருக்கும். ஒயின்காரர்கள் 'உயிர்ப்பு' என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் புளிப்பைத்தான். அப்புறம் ஒளி. மேலே போகப் போகக் காற்று மெலிந்து புறஊதாக் கதிர் கூடும். மனிதர்கள் தொப்பி போட்டுக்கொள்வார்கள். திராட்சை தோலைத் தடிப்பாக்கிக்கொள்ளும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. குவால்தயாரியிலேயே மெண்டோசா ஆராய்ச்சியாளர்கள் சில கொடிகளுக்குப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் திரை கட்டினார்கள். சிலவற்றை வெயிலில் விட்டார்கள். வெயில் பட்ட பழங்களின் தோலில் நிறப்பொருளும் மற்ற பாலிஃபீனால்களும் அதிகமாகச் சேர்ந்திருந்தன. உயரம் என்பது வெறும் குளிர் மட்டுமல்ல என்று இது காட்டியது.

மழை இல்லாததும் இங்கே சாதகம்தான். அறுவடைக்கு முன் பெய்யும் மழையால் பழம் அழுகுவது, இலையில் பூஞ்சை பிடிப்பது என்று ஐரோப்பிய விவசாயி பாதி வாழ்க்கையை அதிலேயே கழிக்கிறார். மெண்டோசாவில் அந்தத் தொல்லை குறைவு. தவிர, எப்போது, எவ்வளவு தண்ணீர் என்பதை மனிதனே முடிவு செய்கிறான். சரியான பருவத்தில் கொஞ்சம் தாகத்தில் விட்டால் கொடி தழைப்பதை நிறுத்திப் பழத்தைப் பார்க்கும். பழம் சிறுக்கும், சாறுக்குத் தோல் விகிதம் கூடும். தொல்லையே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆலங்கட்டி மழை உண்டு. அரை மணி நேரத்தில் ஒரு வருட உழைப்பைத் தரையில் கொட்டிவிடும். வரிசை வரிசையாகக் கறுப்பு வலை போர்த்திய தோட்டங்களை அங்கே பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கும் 'ஸோண்டா' என்ற வெப்பக்காற்று பூக்கும் காலத்தில் அடித்தால் பூ கருகிவிடும்.

சரி, புது இடத்தில் என்ன நட்டார்கள்? இங்கேதான் பழசு திரும்பி வருகிறது. பிரான்சின் கஹோரிலிருந்து கொண்டுவந்த மால்பெக் ரகங்களை முயன்று பார்த்தார்கள். அவற்றில் பழம் பெரிதாக இருந்தது, தரம் வரவில்லை. அதனால் லுன்லுந்தாவில், நிக்கோலாஸின் தாய் ஆங்கெலிக்காவின் பெயர் தாங்கிய பழைய தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே ஒவ்வொரு கொடியும் இன்னொன்றிலிருந்து கொஞ்சம் வேறுபடும். பல தலைமுறை விவசாயிகள், பக்கத்துத் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த கொடியிலிருந்து ஒரு குச்சி ஒடித்து நட்டு நட்டுச் சேர்ந்த கூட்டம் அது. குலை சிறியதாக, பழம் சின்னதாக, சுவை ஒத்து வரும் கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்து, நூற்றுக்கும் மேற்பட்ட கொடிகளிலிருந்து குச்சி எடுத்துத் தனித்தனியாக வளர்த்து, அவற்றில் தேறியதை மேலே கொண்டுபோனார்கள். 'பாரம்பரியம்' என்பதற்கு ஒரு உருப்படியான பொருள் இருந்தால் இதுதான். பதிவேடு கிடையாது, ஆய்வகம் கிடையாது, ஆனால் நூறு வருடத் தேர்வு அந்தக் குச்சிகளில் உட்கார்ந்திருக்கிறது. பிரான்சு தொலைத்த மால்பெக் வகைகள் பல இங்கே இருப்பதும் அதனால்தான்.

நிக்கோலாஸின் மூத்த மகள் லௌரா கதேனா உயிரியல் படித்தவர், அவசர சிகிச்சை மருத்துவர். சான்ஃபிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகள் மருத்துவமனை வேலையும் மெண்டோசாவில் குடும்ப வேலையுமாக இருந்தார். 1995-ல் நிறுவனத்துக்குள்ளேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அட்ரியானா தோட்டத்தில் குழி வெட்டி மண்ணைப் பார்த்தபோது, பழைய ஆற்றுப் படுகை என்பதால் சில மீட்டருக்கு ஒரு தரம் மண் மாறுவது தெரிந்தது. ஓரிடத்தில் உருண்டைக் கூழாங்கல். பக்கத்திலேயே சுண்ணாம்பு படிந்த அடுக்கு, அதற்குள் பழங்காலத்து விலங்கு எலும்புத் துணுக்குகள். இப்போது அந்த இரண்டிலிருந்தும் ஒரே ஷார்தொனே ரகத்தில் தனித்தனி ஒயின் செய்கிறார்கள். ஒன்றின் பெயர் 'வெள்ளைக் கற்கள்' என்றும் மற்றது 'வெள்ளை எலும்புகள்' என்றும் பொருள்படும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் பெயரில்கூட ஒரு மால்பெக் இருக்கிறது.

பறிப்பது இன்னும் கையால்தான். மெண்டோசாவில் சாதாரண அறுவடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கூலியாள் ஏறத்தாழ 20 கிலோ பிடிக்கும் கூடையை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு லாரிக்கு ஓடுவார், ஏணியில் ஏறிக் கொட்டுவார், ஒரு வில்லை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். எத்தனை வில்லையோ அத்தனை கூடைக்குக் கூலி. ஓட்டம்தான் சம்பளம் என்பதால் யாரும் நடப்பதில்லை. உயர்தரத் தோட்டங்களில் பழம் நசுங்காமல் இருக்கச் சின்னப் பெட்டிகளில் பறிக்கிறார்கள். அங்கே ஓடினால் திட்டு விழும்.

2001-ல் அக்ரெலோவில் மாயா பிரமிடு வடிவில் ஒரு ஒயின் ஆலை கட்டினார்கள். ஐரோப்பிய மாளிகையை நகலெடுக்காமல் இந்தக் கண்டத்தின் அடையாளம் வேண்டும் என்பது யோசனை. மாயா மக்கள் வாழ்ந்த இடம் அங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே. ஆனாலும் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கிறது. 2023-ல் உலகின் சிறந்த திராட்சைத் தோட்டம் என்ற பட்டியலில் முதலிடமும் கிடைத்தது.

இனி அந்த உரசல். முறைத்தண்ணீர் வாய்க்கால் ஆற்றிலிருந்து சரிவில் கீழ்நோக்கி வருவது. குவால்தயாரியின் மேட்டுப் பகுதிகளுக்கு அது ஏறாது. 1992-க்குப் பிறகு அந்த உயரத்துக்குப் படையெடுத்த தோட்டங்கள் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றையும் சொட்டுநீர்க் குழாயையும் நம்பி நிற்கின்றன. குழாய் இல்லாவிட்டால் அந்த மேட்டில் திராட்சையே இல்லை. தண்ணீர் சிக்கனம் என்று பார்த்தால் சொட்டுநீருக்கு இணை கிடையாது. ஆனால் பழைய முறையில் வீணாகிறது என்று நாம் சொல்லும் தண்ணீர் எல்லாம் வீணாவதில்லை. வாய்க்காலில் கசிந்தது கரை மரத்துக்குப் போகிறது, நிலத்தடிக்கு இறங்குகிறது, கீழே இருக்கிறவன் கிணற்றில் ஊறுகிறது. குழாய் அப்படி யாருக்கும் கசியாது. வாய்க்காலில் ஊர்க்கூட்டமும் தொமேரோவும் உண்டு. கிணறு அவரவர் வேலிக்குள். நிலத்தடி நீரும் பொதுச்சொத்துதான், அனுமதி வேண்டும், சில பகுதிகளில் புதுக் கிணற்றுக்குக் கட்டுப்பாடும் உண்டு. இருந்தாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரன் மதகடியில் நின்று பார்ப்பது போல ஆகுமா?

பிலோக்செராவுக்கு வருகிறேன் என்று சொன்னேன். ஐரோப்பாவை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த இந்தப் பூச்சி மெண்டோசாவிலும் உண்டு. இங்கே பெரிய நாசம் செய்யவில்லை. மணல் கலந்த மண் ஒரு காரணம். தோட்டத்தில் தண்ணீரைக் கட்டி நிறுத்தும் பழைய பாசனத்தில் பூச்சி மூழ்கிச் சாவது இன்னொரு காரணம் என்கிறார்கள். ஐரோப்பாவில் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் திராட்சை வளர்க்க முடிகிறது; மெண்டோசாவில் பெரும்பாலான கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்பது இதனால்தான். சொட்டுநீருக்கு மாறினால் அந்த வெள்ளம் நின்றுபோகும். பூச்சி பற்றிய பயம் திரும்ப வந்திருக்கிறது. புதுத் தோட்டம் போடுகிறவர்கள் பலர் ஒட்டுக்கட்டிய கன்றை வாங்குகிறார்கள். அளவில்லாமல் தண்ணீர் விட்டு மோசமான ஒயின் செய்தான் என்று தாத்தாவைக் குறை சொல்கிறோம். அந்தத் தண்ணீர்தான் கொடியின் வேரைக் காப்பாற்றி வைத்திருந்தது.

இதற்கு நடுவே பனியும் குறைகிறது. 2010-லிருந்து ஆண்டிஸின் இந்தப் பகுதியில் நீண்ட வறட்சி. ஆறுகளில் வரத்துக் குறைந்து, தண்ணீர் அவசரநிலை அறிவிப்பு ஆண்டுதோறும் வருகிற சடங்கு மாதிரி ஆகிவிட்டது. 2019 டிசம்பரில், சுரங்கங்களில் சயனைடு போன்ற இரசாயனங்களுக்கு 2007-லிருந்து இருந்த தடையை மாகாண சட்டசபை தளர்த்தியபோது, ஊக்கோ பள்ளத்தாக்கிலிருந்து நடந்தே வந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் மெண்டோசா நகரத் தெருக்களை அடைத்தார்கள். மெண்டோசாவின் தண்ணீர் பேரத்துக்கு இல்லை என்பதே கோஷம். அரசு பத்தே நாளில் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. தோட்ட முதலாளியும் தோட்டக் கூலியும் ஒரே பக்கம் நிற்பது அங்கே அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

ஒவ்வொரு குளிர்காலமும் பாசனத் துறை ஆட்கள் மலையில் பனியின் அளவை அளக்கிறார்கள். அதை வைத்து, வரும் கோடையில் எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று வசந்தத்தில் ஒரு முன்கணிப்பு வெளியிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று முடிவாகும். அந்த அறிக்கைக்காகக் கீழே வாய்க்கால் கரையில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள். மேலே கிணறு வைத்திருப்பவர்களும் படிக்காமல் விடுவதில்லை, அவர்கள் கிணற்றில் ஊறுவதும் அதே பனிதான். அது அக்டோபர் வாக்கில் வரும். அப்போது லுன்லுந்தாவில் கொடிகள் தளிர்த்திருக்கும், குவால்தயாரியில் மொட்டு அப்போதுதான் விரிந்துகொண்டிருக்கும்.